இரண்டு பை மாட்டி வையுங்கள்

வான்கோழி வளர்க்கிற, அறுத்து விற்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே,

உங்களில் சிலருக்கு என் முகம் நினைவிருக்கலாம். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கடைக்குப் பின்புறம் ஈரச் சாக்கைக் கிளறிக்கொண்டு நின்ற ஆள் நான்தான். கடைப் பையன் நாயை விரட்டுகிற குரலில் என்னை விரட்டினான். அவன்மேல் தப்பில்லை, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் குப்பைச் சாக்குக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினால் யாராயிருந்தாலும் அப்படித்தான் விரட்டுவார்கள். என் வருத்தம் அதுவல்ல. சாக்கு நிறைய இறகு இருந்தது. எல்லாம் வெந்நீரில் முக்கி, மெஷினில் சுற்றி, தண்டு ஒடிந்து, கொழுப்பும் இரத்தமுமாக ஒட்டிக் கிடந்தது. அத்தனையிலும் ஓர் இறகுகூட எனக்கு உதவவில்லை. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால், இல்லை உங்களிடம் ஒரு மாதம் முன்னால் வாய்விட்டுக் கேட்டிருந்தால், அந்தச் சாக்கிலிருந்தே என் பிள்ளைகளின் அம்புக்கு இறகு கிடைத்திருக்கும். கேட்காதது என் தப்பு. அதைத் திருத்திக்கொள்ளத்தான் இந்த மடல்.

நான் வில்வித்தை சொல்லித் தருகிறவன். சனி, ஞாயிறு காலையில், பள்ளிக்கூட மைதானத்தின் ஓரமாக, பத்தொன்பது பிள்ளைகள். தறி ஓட்டுகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கையில் இருப்பது மூங்கில் வில். நம் நாட்டில் 'இந்தியன் ரவுண்ட்' என்று தனிப் பிரிவாகப் போட்டி நடக்கிறதே, அந்த வில். டிவியில் நீங்கள் பார்க்கிற, கம்பியும் கப்பியும் வைத்த விலையுயர்ந்த வில்லுக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. போகிற வசதியும் இப்போதைக்கு இல்லை. ஜார்க்கண்டில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் வீட்டில் பிறந்து, மாங்காய்க்குக் கல்லெறிந்தும் வீட்டில் செய்த மூங்கில் வில்லை வளைத்தும் குறி பழகிய தீபிகா குமாரி, 2012 லண்டன் தொடங்கி நான்கு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்றார். எங்கள் மைதானத்துப் பெண் பிள்ளைகள் அவர் பேரைச் சொல்லித்தான் நாணை இழுக்கிறார்கள்.

ஒரு பிள்ளைக்குக் குறைந்தது ஆறு அம்பு வேண்டும். ஓர் அம்புக்கு மூன்று இறகு. பத்தொன்பது பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 114 அம்பு, 342 இறகு. அதுவும் ஒருமுறை ஒட்டினால் முடிந்துவிடுகிற சங்கதி அல்ல. குறி தவறிய அம்பு புல்லுக்குள் பாய்ந்து சறுக்கும். வைக்கோல் பலகையை முழுசாகத் துளைத்து மறுபக்கம் போகும். ஒரே இடத்தில் இரண்டு அம்பு தைத்தால் ஒன்றின் இறகை இன்னொன்று சீவிக்கொண்டு போகும். மாதத்துக்கு ஒருதரம் பாதி அம்புக்காவது இறகு மாற்ற வேண்டியிருக்கிறது.

மூங்கிலை நாங்களே சீவி, அனலில் காட்டி நேராக்கிக்கொள்கிறோம். முனையை ஊர்ப் பட்டறையில் அடித்துத் தருகிறார்கள். இறகுக்குத்தான் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. கடையில் கிடைக்கிற, அளவாக வெட்டிச் சாயம் போட்ட இறகு எந்தப் பறவையுடையது என்று நினைக்கிறீர்கள்? ட்ரூஃப்ளைட், கேட்வே என்று வில்லாளிகளுக்குத் தெரிந்த இரண்டு பெரிய பெயர்கள் உண்டு. இரண்டும் அமெரிக்க இறகு. வான்கோழி இறகு! நீங்கள் பட்டியில் தீவனம் போட்டு வளர்க்கிறீர்களே, அதே பறவை. உங்கள் கடைப் பின்வாசலில் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் கொட்டுகிற அதே பொருளுக்கு, கடல் தாண்டி வந்த கூலியையும் சேர்த்து நாங்கள் காசு கொடுக்கிறோம். ஒரு டஜன் அம்புக்கு இறகு வாங்குகிற பணத்தில் அந்த அம்புகளுக்கான மூங்கிலும் முனையும் வாங்கி, பிள்ளைகளுக்கு டீயும் வாங்கித் தந்துவிடலாம்.

"இறகுதான் வேண்டுமா, பிளாஸ்டிக்கில் வருகிறதே" என்று ஒரு கடைக்கார அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. பிளாஸ்டிக் மலிவு, மழையில் நனையாது. ஆனால் எங்கள் மூங்கில் வில்லில் அம்பு எதையும் தொடாமல் விலகிப் போக வழியில்லை. அது வில்லின் உடம்பை உரசிக்கொண்டுதான் வெளியே போகும். அந்த நொடியில் இறகு மடங்கிக் கொடுத்து, தாண்டிய உடனே நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் மடங்காது; வில்லில் இடித்து அம்பின் பின்பக்கத்தைத் தூக்கி எறியும். முப்பது மீட்டர் தூரத்தில் அது பலகையைவிட்டே வெளியே போய்விடும். தன் கைதான் சரியில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். போன வருடம் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி, "எனக்கு இது வராதுங்க சார்" என்று வில்லைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. பணம் போதாமல் நான் ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக்தான் குறை. மறுவாரம் எங்கோ தேடிப் பிடித்த ஆறு வான்கோழி இறகை இரண்டு அம்புக்கு ஒட்டி, அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்ப வந்தாள். இப்போது மற்றப் பிள்ளைகளுக்கு நிற்கிற நிலை சொல்லித் தருவது அவள்தான்.

அம்பின் பின்னால் இறகு எதற்கு என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். நாண் பின்னாலிருந்து தள்ளும்போது அம்பு நெளியும். நெளிந்துகொண்டே போகிற அம்பின் வாலைக் காற்றில் பிடித்து நிறுத்துவது இறகு. மூன்று இறகையும் சற்றுச் சாய்த்து ஒட்டினால் அம்பு சுழன்றுகொண்டே போகும், நேராகப் போகும். எல்லா இறகும் இதற்கு ஆகாது. உடம்பு இறகு பஞ்சு மாதிரி. வால் இறகு நீளமாக இருந்தாலும் அதன் தண்டு எங்களுக்கு ஒத்துவருவதில்லை. பறப்பதற்கென்றே உண்டான இறக்கை இறகுதான் வேண்டும். அதிலும் இறக்கை நுனியில் வரிசையாக நிற்கிற பத்து நீள இறகு, பக்கத்துக்குப் பத்து. அந்த இறகில் இழை ஒவ்வொன்றும் பக்கத்து இழையைக் கண்ணுக்குத் தெரியாத கொக்கியால் பிடித்திருக்கும். பிரிந்தாலும் விரலால் நீவிவிட்டால் திரும்பச் சேர்ந்துகொள்ளும். இதற்கு ஈடாக ஒரு பொருளை மனுஷன் இன்னும் செய்துவிடவில்லை.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இட இறக்கை இறகு ஒருபுறம் வளையும், வல இறக்கை இறகு மறுபுறம் வளையும். ஓர் அம்பில் இரண்டையும் கலந்தால் ஒன்று இந்தப் பக்கம் சுழற்றும், ஒன்று அந்தப் பக்கம் சுழற்றும், அம்பு தள்ளாடும். அதனால் மூன்றும் ஒரே பக்கத்து இறகாக இருக்க வேண்டும். ஜப்பானியர்களின் கியூடோ வில்வித்தையில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள்: அம்புகள் ஜோடி ஜோடியாக வரும், ஒன்று 'ஹயா', மற்றது 'ஓதோயா'. ஒன்றின் இறகு ஒரு பக்கம் சுழலும், மற்றதன் இறகு எதிர்ப்பக்கம். ஹயாவைத்தான் முதலில் எய்வார்கள். ஒரு காலத்தில் அவர்கள் கழுகு, வல்லூறு இறகைத்தான் கட்டினார்கள். அந்தப் பறவைகளைக் காக்கச் சட்டம் வந்த பிறகு இன்றைக்கு ஏராளமான கியூடோ அம்புகளில் இருப்பது வான்கோழி இறகு. அவ்வளவு மரபு பார்க்கிறவர்களே உங்கள் பறவையிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பண்ணைப் பறவையின் இறகை நம்பி வில்லாளிகள் நின்றது புதிசு இல்லை. இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றி 1415இல் அஜின்கோர்ட் போரை வில்லாளிகளைக் கொண்டு ஜெயித்தார். அடுத்த படையெடுப்புக்காக 1417இல் ஓர் ஆணை போட்டார். 'கூஸ்' என்கிற பெரிய வாத்து ஒவ்வொன்றிடமிருந்தும் இறக்கை இறகு ஆறு பிடுங்கி அனுப்ப வேண்டும். அடைகாக்கும் வாத்தை மட்டும் விட்டுவிடலாம். ஆறு என்ற கணக்கைக் கவனியுங்கள். பக்கத்துக்கு மூன்று, ஒரு வாத்துக்கு இரண்டு அம்பு. மறு வருடம் கேட்டது 11,90,000 இறகு. அந்த ஊர்க் குடியானவர்கள் மறுக்க முடியாது, கேட்டவர் ராஜா. நான் ராஜா இல்லை. எனக்கு ஒரு தடவைக்கு 342 போதும். உயிரோடு இருக்கிற பறவையிடமிருந்து ஒன்றுகூடப் பிடுங்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை உடைத்துப் பேசிவிடுகிறேன். இறகு வேண்டும் என்று நான் ஊரில் சொல்லிவைத்ததும் அன்போடு பலர் கொண்டு வந்தார்கள். ஒருவர் மயில் தோகையை ஒரு கட்டாகக் கொண்டு வந்தார். எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் மயில்தான். தோகை அழகு, ஆனால் அதன் இழைகள் ஒன்றையொன்று பிடிக்காமல் தனித்தனியாகத் தொங்கும், காற்றைத் தாங்காது. மயிலின் இறக்கை இறகு தாங்கும். ஆனால் அதைத் தொடக்கூடாது. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருவது வால் தோகைக்கு மட்டும்தான். இன்னொரு பையன் காக்கா இறகு பொறுக்கி வந்தான். முன்பு காக்கை தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். அதனால் அதுவும் வேண்டாம். பருந்து, ஆந்தை, கழுகு பற்றிச் சொல்லவே வேண்டாம். கழுகிறகு கட்டிய அம்பைக் கதைகளில் கேட்டிருப்போம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டின் வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் அந்த மருந்தை மாட்டு வைத்தியத்துக்குத் தடை செய்த பிறகும் நம் மாநிலத்தில் அவற்றைப் பார்க்க மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. அவற்றின் இறகு ஒன்று தரையில் கிடந்தாலும் எங்கள் பிள்ளைகள் கையில் அது வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். விலைக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், பொறுக்குகிற கை நாளைக்குக் கண்ணி வைக்கும்.

நாட்டுக்கோழிச் சேவலின் இறகை வைத்துச் சின்னப் பிள்ளைகளின் அம்புக்குச் சமாளித்துப் பார்த்தேன். நீளமும் விறைப்பும் போதவில்லை. பிராய்லர் கோழியை ஆறு வாரத்துக்குள் அறுத்துவிடுகிறீர்கள். அதன் இறகு முற்றுவதே இல்லை. மேய்ச்சல் வாத்தின் இறகு சிறிசு. சீமை வாத்து நன்றாக இருக்கும், ஆனால் எங்கள் பக்கம் வளர்ப்பவர் குறைவு. சுற்றிச் சுற்றி உங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. நீங்கள் ஆறேழு மாதம் வளர்த்து விற்கிறீர்கள்; இறகு நன்றாக முற்றி, தண்டு வெளுத்து, இரத்த ஓட்டம் நின்றிருக்கும். நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் என்ற சிறிய வெள்ளை இனத்தையும் சேர்த்துக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'நந்தனம் வான்கோழி-1' உங்களில் பலரிடம் இருக்கும். நம் வெயிலுக்கென்றே செய்த பறவை. அதன் இறகும் நம் பிள்ளைகளின் அம்புக்கு ஆகட்டுமே.

ஒரு வான்கோழியின் இரண்டு இறக்கை நுனியிலும் சேர்த்து இருபது நீள இறகு. பக்கத்துக்கு மூன்று அம்பு என்று வைத்தால், ஒரு பறவைக்கு ஆறு அம்பு. அதாவது ஒரு பிள்ளைக்கு முழுத் தொகுதி. பத்தொன்பது பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வான்கோழி. பண்டிகைக்கு முந்தின இரண்டு நாளில் ஒரே கடையில் அதைவிட அதிகம் அறுபடுகிறதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி, உங்களிடம் கேட்பது.

கறி விற்கிற அண்ணன்மாரே, அக்காமாரே: பறவையை வெந்நீரில் முக்குவதற்கு முன்னால், இறக்கையின் கடைசி மூட்டில் கத்தியை வைத்து நுனியை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். நம் கைக்கு மணிக்கட்டு மாதிரி அந்த மூட்டு. அந்த நுனியில் தோலும் எலும்பும்தான், கறி கிடையாது. இறக்கைக் கறி கேட்கிற வாடிக்கையாளருக்கு மேல்துண்டு இரண்டும் அப்படியே இருக்கும், எடையிலும் உங்களுக்குப் பெரிசாகக் குறையாது. சுடுதண்ணீர் மட்டும் படக்கூடாது. மெஷினுக்குள் போகக்கூடாது. இவ்வளவுதான். ஒரு பறவைக்கு இரண்டு வெட்டு.

வெட்டிய நுனிகளைப் போட இரண்டு பை மாட்டி வையுங்கள். ஒன்றில் 'இடது' என்று எழுதுங்கள், ஒன்றில் 'வலது'. கூட்ட நேரத்தில் அதைப் பார்த்துப் போட முடியாதென்றால் ஒரே பையில் போடுங்கள், நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். இறகின் நுனி மேலே, பறவையின் இறக்கையில் மேற்புறமாக இருந்த பக்கம் நம்மைப் பார்க்க என்று பிடித்தால், அகலப் பக்கம் நமக்கு இடப்புறம் விழுகிறதா, அது இட இறக்கை. வலப்புறம் விழுந்தால் வல இறக்கை. எங்களில் எட்டு வயசுப் பையன்கூடக் கண்ணை மூடி விரலால் தடவியே சொல்லிவிடுவான். மேலே ஒரு கை கல்லுப்பைத் தூவிவைத்தால், நான் சாயங்காலம் வந்து எடுத்துப்போகிற வரைக்கும் நாற்றம் எடுக்காது. மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்: சதையை நீக்கி, வெங்காரமோ உப்போ தடவி, நிழலில் காய வைப்பது, சோப்புத் தண்ணீரில் அலசுவது, தண்டை நடுவாகப் பிளந்து தேய்ப்பது, பாச்சை உருண்டை போட்டு டப்பாவில் அடைப்பது எல்லாம் எங்கள் வேலை.

பண்ணை வைத்திருப்பவர்களே: உங்கள் பட்டியில் பறவை இறகு உதிர்க்கிற காலம் உண்டு. கூட்டிப் பெருக்கும்போது முழுசாக, சேறு படாமல் கிடக்கிற இறக்கை இறகைப் பொறுக்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் விளையாட்டாகச் செய்துவிடுவார்கள். ஒரு நிபந்தனை உண்டு, இது கெஞ்சல் அல்ல, கண்டிப்பு: நோயில் விழுந்த பறவையின் இறகு, காரணம் தெரியாமல் செத்த பறவையின் இறகு ஒன்றும் வேண்டாம். 2006இல் மகாராஷ்டிராவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக வந்தபோது பண்ணைக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகளும் கையுறை போட்டுத்தான் தொடுவார்கள்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று நேராகவே கேட்கலாம். பெரிய லாபம் என்று பொய் சொல்ல மாட்டேன். சும்மா கொடுக்க மனசிருந்தால் வாங்கிக்கொள்வோம். வெட்டுகிற பையனுக்கு டீக்காசாவது தர வேண்டும் என்றால், ஒரு ஜோடி நுனிக்கு இவ்வளவு என்று பேசி வைப்போம். கடை இறகுக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் எங்களுக்குக் கட்டும். உங்கள் சாக்கின் கனம் கொஞ்சம் குறையும். இறகு லேசில் மக்காத சரக்கு. கொட்டிய இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். ஏரிக்கரையில் அதைக் கொட்டியதற்காக ஊரார் உங்களோடு சண்டைக்கு வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டை முழுசாகத் தீராது. ஆனால் 'இவர்கள் கடையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இறகு போகிறது' என்று ஊர் பேசினால் அதுவும் ஒரு மரியாதைதான்.

கூட்ட நாளில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அதற்கும் வழி இருக்கிறது. பண்டிகைக்கு முந்தின இரண்டு நாளும் நானும் பெரிய பிள்ளைகள் நாலு பேரின் அப்பாமார்களும் விடியற்காலை நான்கு மணிக்கே உங்கள் கடைக்கு வந்துவிடுகிறோம். நீங்கள் அறுத்துக் கொடுங்கள். நுனியை வெட்டுவது எங்கள் கை. இடத்தைக் கழுவிவிட்டுப் போவதும் எங்கள் பொறுப்பு. உங்கள் வேலைக்குக் குறுக்கே நிற்க மாட்டோம்.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பாருங்கள். வில்லைச் சுவரில் சாத்திவிட்டுப் போனவள் என்றேனே, அந்தப் பெண்ணின் இரண்டு அம்பை உங்களிடம் காட்டச் சொல்கிறேன். ஒன்றில் பட்டை போட்ட பழுப்பு இறகு மூன்று, மற்றதில் வெள்ளை மூன்று. இரண்டுமே வான்கோழி. மற்ற நாலு அம்பும் இன்னும் பிளாஸ்டிக்தான். குறி பார்த்து எய்ய வேண்டிய நேரத்தில் அவள் அவற்றைத் தொடுவதில்லை. இரண்டை எய்வாள், நடந்துபோய்ப் பிடுங்கி வருவாள், மறுபடி இரண்டை எய்வாள். மற்றப் பிள்ளைகள் ஆறு எய்து முடிக்கிற நேரத்தில் அவள் மூன்று முறை நடந்திருப்பாள்.

அவளுடைய அந்த நாலு அம்புக்குப் பன்னிரண்டு இறகு வேண்டும். அதற்கு உங்கள் கடையில் ஒரு பறவையே போதும். ஆணி அடித்து இரண்டு பை மாட்டி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைப் பின்வாசலில் சாக்கைக் கிளறிய வில்வித்தை வாத்தியார்